கறியை விட்ட தாய்மாமன்

நிலவழகன் கறியை விட்டுவிட்டார் என்ற செய்தியை டெப்போவில் முதலில் யாரும் நம்பவில்லை. அது சித்திரை மாதம். கார்த்திகையாக இருந்தால் மாலை போட்டிருக்கிறார் என்று விட்டுவிடலாம். தையாக இருந்தால் பழனிக்கு நடக்கப் போகிறார் என்று வைத்துக்கொள்ளலாம். கத்திரி வெயிலில், எந்தச் சாமியும் கூப்பிடாத நேரத்தில், ஒரு மனிதர் டிபன் பாக்ஸைத் திறந்து தயிர்சோற்றையும் வாழைக்காய் வறுவலையும் எடுத்து வைத்தால் பக்கத்தில் இருப்பவர்கள் என்னதான் நினைப்பார்கள்? சர்க்கரை வந்துவிட்டது என்றார் ஒருவர். சர்க்கரைக்குக் கறி ஆகாதென்று எந்த டாக்டர் சொன்னான், இது கொழுப்புதான் என்றார் இன்னொருவர். அவருடைய வண்டியை ஓட்டும் செம்மல் மட்டும் நேராகவே கேட்டுவிட்டார்.

"ஏண்ணே, அண்ணிகூட சண்டையா?"

"அதெல்லாம் இல்லப்பா. சும்மா விட்டுட்டேன்."

"சும்மா விடுறதுக்கு அது என்ன பீடியாண்ணே?"

செம்மல் கேட்டது நியாயம்தான். கறம்பக்குடியில் எந்தக் கடையில் என்றைக்கு இளங்கிடா விழும் என்பது கண்டக்டர் நிலவழகனுக்கு அத்துப்படி. ஞாயிற்றுக்கிழமை தலைக்கறி, புதன்கிழமை மீன், கடற்கரைப் பக்கம் டியூட்டி விழுந்தால் ஒரு பை நண்டு. நல்லி எலும்பைத் தட்டி உறிஞ்சும்போது அவர் கண்ணை மூடிக்கொள்வார். அந்த நேரத்தில் வீட்டில் யாரும் அவரிடம் எதுவும் கேட்கமாட்டார்கள்.

அப்படிப்பட்டவர் கறியை விட்டதற்குக் காரணம் அவருடைய தங்கை கார்த்திகாவின் குழந்தை.

கார்த்திகா அவருக்கு ரொம்ப வருடம் இளையவள். அப்பா மேடையில் கருப்புச் சட்டை போட்டுப் பேசிய காலத்தில் பிறந்ததால் அண்ணனுக்கு நிலவழகன் என்று பெயர். மகள் பிறக்கும்போது அப்பாவுக்குக் கொள்கை கொஞ்சம் தளர்ந்திருந்தது, அம்மா ஜெயித்துவிட்டாள். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்த பிறகு அந்தப் பெண்ணுக்குத் தலை பின்னிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியது அண்ணன்தான். கோணல் வகிடு எடுப்பார் என்று அவள் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள். படித்து முடித்து, புதுக்கோட்டையில் வேலைக்குப் போய், கூட வேலை பார்த்த கோபிநாத்தைக் கட்டிக்கொண்டாள். பதிவு அலுவலகத்தில் நடந்த கல்யாணம். கோபிநாத்தின் வீடு அரிமளம் பக்கம். வேறு சாதி, பரம்பரைச் சைவம், ஊரின் நடுத்தெரு. நிலவழகனின் தெரு எது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. ஊரில் எந்தப் பக்கம் கடைசியாகத் தார் போடுகிறார்களோ, அந்தப் பக்கம்.

கல்யாணத்துக்குப் பிறகு கொஞ்ச காலம் கோபிநாத்தின் வீட்டார் முகம் கொடுக்கவில்லை. மருமகள் உண்டானதும் சேர்த்துக்கொண்டார்கள். நிலவழகனுக்குத் தலைகால் புரியவில்லை. அரிமளம் வழியாகப் போகும் ரூட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டார். தையில் பெண் குழந்தை பிறந்தது. சித்திரை பிறந்து தொட்டில் போட்ட அன்று அவரையும் மனைவி பொன்னுத்தாயையும் அழைத்திருந்தார்கள்.

கோபிநாத்தின் அப்பா ஆத்மநாதன் ஓய்வுபெற்ற வாத்தியார். நல்ல மனிதர். அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். வாசலுக்கு வந்து கைகூப்பினார். "வாங்க கண்டக்டர் தம்பி" என்றார். வெளிக்கூடத்தில் பாய் விரித்து, தலைவாழை இலை போட்டு, வடை பாயசத்தோடு விருந்து வைத்தார். என்ன, அந்தக் கூடத்தில் அவர்கள் இரண்டு பேர் மட்டும்தான் சாப்பிட்டார்கள். மற்றவர்கள் எல்லாரும் உள்ளே மேசையில். சாப்பிட்டு முடித்ததும் இலையை எடுக்கப் போன பொன்னுத்தாயை யாரும் தடுக்கவில்லை.

அடுத்த நாள் நிலவழகன் தங்கைக்குப் போன் போட்டார். கோபமில்லை. சாதாரணமாகத்தான் கேட்டார். கார்த்திகா கொஞ்சம் யோசித்துச் சொன்னாள்.

"அவங்க சைவக்காரங்கண்ணே. கறி திங்கிறவங்கள உள்ள உக்கார வைக்க மாட்டாங்க. வேற ஒண்ணுமில்ல."

"ஓ. சரித்தா, அது அவுக வழக்கம். காது குத்தும்போது?"

தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குழந்தைக்குக் காது குத்துவது. அந்த மடி அவருடையது. அதில் யாருக்கும் பங்கு கிடையாது. குழந்தை பிறந்த செய்தி வந்ததிலிருந்து அவர் நினைத்துக்கொண்டிருந்ததே அது ஒன்றைத்தான். மொட்டைத் தலையில் சந்தனத்தோடு குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, ஆசாரி ஊசியை எடுக்கும்போது அதன் கண்ணைக் கையால் பொத்த வேண்டும்.

போனில் அவள் குழந்தையைத் தட்டிக்கொடுக்கும் சத்தம் கேட்டது.

"அதுக்கும் சுத்தமா இருக்கணும்பாங்கண்ணே" என்றாள் கார்த்திகா. "கறி புழங்காத மடியா இருக்கணும்பாங்க."

"அம்புட்டுத்தானா? இன்னைக்கே விட்டுட்டேன் போ!"

அவர் சிரித்தார். கார்த்திகா சிரிக்கவில்லை.

அன்று சாயந்தரமே பொன்னுத்தாயிடம் சொன்னார். அவள் மீன் அலசிக்கொண்டிருந்தாள். கையை உதறிவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

"கறியா அவுகளுக்குப் பிரச்சனை?"

"பின்ன என்னங்கிற?"

"நான் ஒண்ணுஞ் சொல்லல. நீங்க தின்னாத் தின்னுங்க, திங்காட்டி விடுங்க" என்று சட்டியை அடுப்பில் வைத்தாள். வைத்த சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். நிலவழகனுக்கு அவள்மேல் எரிச்சல் வந்தது. அவள் சொல்லாமல் விட்டது அவருக்குத் தெரியாத விஷயமா? இருபது வருடம் டிக்கெட் கிழித்தவர். எந்தக் கை சில்லறையை உள்ளங்கையில் வைக்கும், எந்தக் கை விரல் படாமல் மேலிருந்து போடும் என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் தங்கை சொன்னதை நம்புவது சுகமாக இருந்தது. கறி என்றால் விட்டுவிடலாம். மனுசனால் ஆகிற காரியம் அது.

ஆகிற காரியம்தான், ஆனால் லேசான காரியமில்லை. முதல் வாரம் வயிறு நிறைந்தது, பசி அடங்கவில்லை. ரெண்டு தட்டுச் சோறு தின்றுவிட்டு, இன்னும் சாப்பிடவே ஆரம்பிக்காத மாதிரி உட்கார்ந்திருந்தார். பொன்னுத்தாய் தட்டைப்பயறும் கத்தரிக்காயும் போட்டுக் கெட்டிக் குழம்பு வைத்தாள். பலாக்கொட்டையை மசாலாவில் வறுத்தாள். யாரோ சொன்னார்கள் என்று மீல்மேக்கர் வாங்கி வந்தார். பஞ்சைக் குழம்பில் ஊறப்போட்டது மாதிரி இருந்தது. ஒரு வாய் மென்றுவிட்டு, துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் மனைவியைப் பார்த்தார். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இந்தக் கறிச் சண்டை தொடங்கியதிலிருந்து அவள் சிரித்தது அன்றைக்குத்தான். அவளும் வீட்டில் கறி சமைப்பதை விட்டுவிட்டாள். ஒருத்திக்காக உலை வைப்பானேன் என்று ஞாயிற்றுக்கிழமை தோறும் அம்மா வீட்டுக்குப் போய்த் தின்றுவிட்டு வந்தாள். வந்ததும் புடவையை மாற்றிக்கொள்வாள், வாசனை அவருக்கு வரக்கூடாதென்று.

சந்தேகம் வந்தால் தங்கைக்குப் போன் போடுவார்.

"ஏத்தா, காளான் சைவந்தானே? கடிச்சா கறி மாதிரியே இருக்கு, பயமா இருக்கு."

"சைவந்தாண்ணே. சாப்பிடு."

"டெப்போல ஒருத்தன் பொறந்த நாளுக்கு கேக்கு குடுத்தான். முட்டை போட்டிருப்பான்ல?"

"பரவாயில்லண்ணே... சாப்பிட்டா என்ன..."

"எதுக்கு? வேணாம். சுத்தமின்னா சுத்தம்."

ஒவ்வொரு தடவையும் அவள் குரல் கம்மிக்கொண்டே போனது. கைக்குழந்தைக்காரி, தூக்கமில்லை, சளி பிடித்திருக்கும் என்று நினைத்தார். துளசி போட்டு வெந்நீர் குடிக்கச் சொன்னார்.

ஆடியில் கிடா வெட்டு வந்தது. நிலவழகன் வகையறாவின் குலசாமிக்கு ஆம்பளைகள் மட்டும் போவார்கள். கிடாயை வெட்டிக் கறியைப் பங்காளிகளின் தலைக்கட்டுக்கு ஒன்றாகத் தேக்கிலையில் கூறு போடுவார்கள். பெரிய வீடு சின்ன வீடு கிடையாது, எல்லாக் கூறும் ஒரே அளவு. கூறு வைத்து முடித்ததும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். பெயர் சொல்லும்போது போய் எடுத்துக்கொள்ள வேண்டும். அதுதான் ஒருவன் அந்த வகையறாவில் இருக்கிறான் என்பதற்கு அடையாளம்.

சாமிக்கு வெட்டியது கறியில் சேராது என்று நிலவழகனுக்கு ஒரு எண்ணம். சேராதுதானே, அது பிரசாதம் அல்லவா? ஆனாலும் மனசு கேட்கவில்லை. கோயிலுக்கு நடந்து போகும் வழியில் ஓரமாக நின்று தங்கையைப் போனில் கூப்பிட்டார்.

"சாமிக் கறி கணக்குல வருமாத்தா? ஒங்க மாமாகிட்ட ஒரு வார்த்த கேட்டுச் சொல்லேன்."

"அண்ணே..." என்றாள். பிறகு ஏதோ சொல்ல வந்து நிறுத்தினாள். "அவர்கிட்ட எப்பிடிண்ணே கேக்குறது. நீ எடுத்துக்கண்ணே. நம்ம சாமிதானே."

"நீயே இழுக்குறியே. அப்ப வேணாம்."

பெயர் கூப்பிட்டபோது அவர் எழுந்து போகவில்லை. கூறு போட்டுக்கொண்டிருந்த சித்தப்பா கருப்பன் கத்தியைத் துடைத்தபடி நிமிர்ந்தார்.

"என்னடா, காது கேக்கலையா? வந்து எடு."

"வேணாம் சித்தப்பா. நான் சாப்புடுறதில்ல."

"சாப்புடச் சொல்லி எவன்டா கேட்டான்? சாமி கூறு. எடுத்துட்டுப் போயி பொண்டாட்டிகிட்டக் குடு."

"வீட்டுக்குள்ளயே கொண்டுபோறதில்ல."

கருப்பன் கத்தியைக் கீழே வைத்தார். எல்லாருக்கும் விஷயம் தெரியும். ஊரில் எது மறையும்?

"ஒங்கப்பன் சாமியே இல்லேன்னு ஊரூரா மைக்கப் புடிச்சுப் பேசுனவன். அவனே ஒரு வருசம் கூறு வாங்காமப் போனதில்ல. நீ எவன் வீட்டுக் கூடத்துலயோ உக்கார்றதுக்காக நம்ம சாமியத் தள்ளுற. தள்ளிக்க. அடுத்த வருசம் ஒம் பேரு கூப்புட மாட்டேன்."

யாரும் சமாதானம் பேசவில்லை. அந்தக் கூறு தேக்கிலையிலேயே கிடந்தது. நிலவழகன் செருப்பை மாட்டிக்கொண்டு தனியாகத் திரும்பி வந்தார். காது குத்து முடியட்டும், பிறகு சித்தப்பா காலில் விழுந்து சமாதானம் பண்ணிக்கொள்ளலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

கார்த்திகை பிறந்ததும் டெப்போவில் பாதிப் பேர் மாலை போட்டுச் சைவமானார்கள். நிலவழகன் அவர்களுக்கெல்லாம் சீனியர். எந்தக் கடையில் சாம்பாரில் முருங்கைக்காய் நிறைய விழும், எந்த மெஸ்ஸில் ஒரே கரண்டியைக் கறிக்கும் குழம்புக்கும் போடுகிறார்கள் என்று அவர்தான் சொல்லிக் கொடுத்தார். முகம் கொஞ்சம் வாடியிருந்தாலும் அந்த நாட்களில் சந்தோஷமாகத்தான் இருந்தார். காது குத்துக்குத் தேதி வைத்துவிட்டார்கள்.

அரிமளம் பக்கத்தில் அவர்கள் ஊர் முருகன் கோயில் மண்டபத்தில் விசேஷம். நிலவழகன் புது வேட்டி கட்டி, பொன்னுத்தாயோடு சீர்த் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு விடிந்ததும் போய்ச் சேர்ந்தார். குட்டிப் பட்டுப்பாவாடை, தோடு, கொலுசு, பழம், கற்கண்டு. எல்லாம் மாமன் சீர். குழந்தைக்கு மொட்டை போட்டாயிற்று. கார்த்திகா அதைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். அண்ணனைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்தது.

ஆசாரி மணைக்குப் பக்கத்தில் ஊசியும் கம்பியும் எடுத்து வைத்தார். "மாமன் வந்து உக்காருங்க" என்று கூப்பிட்டார்.

நிலவழகன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் போனார். ஆத்மநாதன் மெதுவாக வந்து அவர் முழங்கைக்குப் பக்கத்தில், தொடாமல், கையைக் காட்டினார்.

"தம்பி, நீங்க இப்பிடி நின்னு சீரை மட்டும் எடுத்துக் குடுத்துருங்க. மடிக்கு எங்க மச்சான் மகன் வெற்றிச்செல்வன் உக்காந்துக்குவாப்ல. அவரும் மாமன் முறைதான்."

கூட்டத்தில் இருந்து ஒரு வாட்டசாட்டமான ஆள் எழுந்து வந்து மணையில் உட்கார்ந்தார். நிலவழகன் ஆத்மநாதன் பக்கம் திரும்பினார்.

"மாமா, நான் கறியச் சுத்தமா விட்டுட்டேன். கார்த்திகா சொல்லலையா? சித்திரையில இருந்து முட்டைகூடத் தொடல. குலசாமி கறியக்கூட வாங்கல. நீங்க யாரை வேணாலும் கேட்டுக்கங்க."

நாலு பேர் திரும்பிப் பார்க்கும்படி சத்தமாகத்தான் சொன்னார். சொல்லும்போது கொஞ்சம் பெருமைகூட இருந்தது. ஆத்மநாதன் ஒன்றும் புரியாமல் விழித்தார்.

"கறியா? கறியப் பத்தி யாரு தம்பி கேட்டா? நாங்க அப்பிடியெல்லாம் ஒண்ணும் சொல்லலியே."

மணையில் உட்கார்ந்திருந்த வெற்றிச்செல்வன் சிரித்தார். மனசில் எதுவும் வைத்துக்கொள்ளாத, வெள்ளந்தியான சிரிப்பு.

"அட, என்ன கண்டக்டரே! வீட்டுக்குள்ளதான் சைவம். வெளிய அவுகவுக இஷ்டம். போன ஞாயித்துக்கெழம பிரியாணிப் பொட்டலத்தோட ஒங்க வண்டியிலதான வந்தேன், மறந்துட்டீங்களா? வண்டியே மணத்துச்சே!"

நிலவழகன் மறக்கவில்லை. அந்த வாசனைக்கு அன்றைக்குப் பின்படிக்குப் போய் நின்றுகொண்டவர் அவர்.

யாரோ மேற்கொண்டு சிரிக்க வந்து அடக்கிக்கொண்டார்கள். கோபிநாத் பந்தல்காரனிடம் ஏதோ கேட்பதுபோல் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான். நிலவழகன் தங்கையைப் பார்த்தார். கார்த்திகா தலையைக் குனிந்துகொண்டாள். அதோடு அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இவர்களில் ஒருத்தர்கூட அவர் என்ன தின்கிறார் என்று கேட்கவே இல்லை. அவர் தட்டில் என்ன இருந்தாலும் இவர்களுக்கு ஒன்றுதான்.

அவமானம் உச்சந்தலைக்கு ஏறியது. ஆனாலும் சீர்த் தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். தட்டு எதுவும் சாயவில்லை. குழந்தையை வெற்றிச்செல்வனின் மடியில் வைத்தபோது அவர் வெளியே வந்துவிட்டார். குழந்தை வீறிட்ட சத்தம் மட்டும் வாசல்வரை கேட்டது. பொன்னுத்தாய் பின்னாலேயே வந்தாள். நான் அன்றைக்கே சொன்னேனே என்று அவள் சொல்லவில்லை. "நடங்க" என்று மட்டும் சொன்னாள்.

பஸ் நிறுத்தத்தில் சிமெண்டுப் பலகை ஒன்று இருந்தது. உட்கார்ந்தார்கள். எதிர்க்கடையில் எண்ணெயில் கோழி பொரிந்துகொண்டிருந்தது. இத்தனை மாதமாக அவரைப் பாடாய்ப் படுத்திய வாசனை அது. இப்போது அதன்மேல் ஆசையும் வரவில்லை, வெறுப்பும் வரவில்லை. சித்தப்பாவின் தேக்கிலைதான் ஞாபகம் வந்தது. ஒருமுறை, "அந்தக் கூறை யாரு எடுத்திருப்பா?" என்று பொன்னுத்தாயிடம் கேட்டார். அவளுக்கு எந்தக் கூறு என்று புரிந்தது.

கார்த்திகா வருவாள் என்று அவர் நினைக்கவில்லை. பட்டுப்புடவையோடு, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, வெயிலில் வேகமாக நடந்து வந்தாள். வந்தவள் பக்கத்தில் உட்காராமல் முன்னால் நின்றாள்.

"மாமாவுக்கு ஒண்ணும் தெரியாதுண்ணே. கறின்னு சொன்னது நாந்தான்."

"தெரியுது."

"நீ உள்ள ஏன் உக்கார வைக்கலேன்னு கேட்ட. எனக்கு வாயில வந்ததச் சொல்லிட்டேன். நீ ஒடனே விட்டுட்டேன்னு சொல்லுவேன்னு நான் கண்டேனா? அப்பறம் தெனமும் போன் பண்ணி காளான் திங்கலாமா, கேக்கு திங்கலாமான்னு கேட்ட. ஒவ்வொரு தடவையும் சொல்லிரணும்னுதான் நெனச்சேன். அதுக்குள்ள புள்ள மொகத்தப் பாத்து மாறிருவாங்கன்னு நெனச்சேன்."

"மொதல்லயே நெசத்தச் சொல்லியிருக்கலாம்ல தாயி. நம்ம சித்தப்பன் முன்னாடி..."

கார்த்திகாவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"சொல்லியிருந்தா? கறின்னா விட்டுருவ. சாதின்னு சொல்லியிருந்தா நீ எதண்ணே விடுவ?"

பொன்னுத்தாய் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். நிலவழகன் தங்கையை நிமிர்ந்து பார்த்தார். திட்ட வேண்டும் என்று நினைத்தார். முடியவில்லை. இந்தப் பொய்யை வைத்துக்கொண்டு இவள் அந்த வீட்டில் இத்தனை மாதம் எப்படிச் சோறு தின்றாள் என்றுதான் தோன்றியது.

"புள்ளையக் குடு" என்றார்.

வேட்டியை நீவிவிட்டு, காலைச் சேர்த்து வைத்துக்கொண்டார். கார்த்திகா குழந்தையை அவர் மடியில் உட்கார வைத்தாள். மொட்டைத் தலையில் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. காது மடல் சிவந்து வீங்கி, கம்பியைச் சுற்றி மஞ்சளும் ஒரு பொட்டு ரத்தமும் உறைந்திருந்தன. குழந்தை விழித்துக்கொண்டு, உதட்டைப் பிதுக்கி, அழலாமா வேண்டாமா என்று யோசித்தது. பிறகு அவர் சட்டைப் பொத்தானைப் பிடித்து இழுக்க ஆரம்பித்தது.

புதுக்கோட்டை வண்டி வந்து நின்றது. படியில் நின்ற கண்டக்டர் தெரிந்த பையன்தான்.

"என்னண்ணே இங்க? ஏறுங்க, சீட்டு இருக்கு."

"நீ போப்பா. நான் அடுத்த வண்டிக்கு வாரேன்."

அடுத்த வண்டிக்கு இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அது அவருக்குத் தெரியும்.